எந்தக் கோலால் அளப்பது? டெஸ்டோஸ்டிரான் சிகிச்சையும் நெடுநாள் உடல்நலமும்

வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, வாலாஜா என்று பழைய வட ஆற்காட்டின் நாலாபுறமிருந்தும் முதல் பேருந்தில் வந்து, வெறும் வயிற்றோடு கை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் தாளில் மூன்று பத்திகள் இருக்கும்: சோதனையின் பெயர், உங்கள் அளவு, இயல்பான அளவு. டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்) வில்லங்கம் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. பதிவில் 'பெண்' என்றிருந்தால் கணினி பெண்ணுக்கான இயல்பு அளவை அச்சடிக்கும்; 'ஆண்' என்றிருந்தால் ஆணுக்கானதை. பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 48 என்று வந்தால் முதல் தாளில் அது தடித்த எழுத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கும். இரண்டாவது தாளில் அதே 48 யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண எண். ரத்தம் என்னவோ ஒன்றுதான்.

டெஸ்டோஸ்டிரான் நெடுநாளில் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்விக்கு வரும் பதில்கள் பலவும் இந்த மூன்றாவது பத்தியில்தான் தடுக்கி விழுகின்றன. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் ஆபத்து இத்தனை மடங்கு என்று சொன்னால், அது பாதிப் பதில். நெதர்லாந்தில் 1,358 திருநம்பிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வாய்ப்பு பெண்களோடு ஒப்பிட்டபோது சுமார் மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. அதே கணக்கை ஆண்களோடு வைத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இறப்பு விகிதத்திலும் இதே கதைதான். ஆம்ஸ்டர்டாமில் 1972 முதல் 2018 வரை சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு 2021இல் வந்தது. திருநம்பிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களில் பெண்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆண்களோடு ஒப்பிட்டால் துலக்கமான வித்தியாசம் இல்லை. கூடுதல் இறப்புக்கு ஹார்மோன்தான் காரணம் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. இயற்கையல்லாத காரணங்களே முன்னால் நின்றன.

ஆக, டெஸ்டோஸ்டிரான் உடம்பைப் பல வகைகளில் ஆண்களின் ஆபத்துப் பட்டியலுக்கு நகர்த்துகிறது என்பதே இதுவரை தெரிந்த படம். நம் பக்கத்து ஆண்களின் பட்டியல் அப்படியொன்றும் சுகமான பட்டியல் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே வருகிறது.

ஊசியும் நாள் கணக்கும்

இங்கே பெரும்பாலும் கிடைப்பது எண்ணெயில் கரைத்த ஊசி மருந்து. சஸ்டனான் 250 என்பது நான்கு வகை டெஸ்டோஸ்டிரான் எஸ்டர்களின் (மெதுவாகக் கரையும் வேதி வடிவங்களின்) கலவை. டெஸ்டோவிரான் டிப்போவில் இருப்பது எனந்தேட் என்ற ஒரே வகை. 1000 மில்லிகிராம் அன்டெகனோயேட் ஊசி நாள்பட்டுக் கரைவது, சுமார் 12 வாரத்துக்கு ஒருமுறை போடுவது. தோலில் தடவும் ஜெல்லும் உண்டு. விலை கூடுதல், நாள் தவறாமல் தடவ வேண்டும், தடவிய இடம் குழந்தைகள் மேலும் கர்ப்பிணிகள் மேலும் படக்கூடாது.

சஸ்டனானில் இருக்கும் எண்ணெய் வேர்க்கடலை எண்ணெய். மல்லாட்டை விளையும் ஊரில் அதனால் ஒவ்வாமை உள்ளவர்கள் குறைவு என்றாலும், இருப்பவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது இது.

எனந்தேட்டுக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல் தரும் அளவு இரண்டு வாரத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம், அல்லது வாரம் 50 முதல் 100. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் இருந்தால் போதும் என்பது இலக்கு. சில கூடங்கள் மில்லிலிட்டர் கணக்கில் அச்சடிக்கின்றன. அங்கே 5 என்று வந்தால் அது 500தான், பதற வேண்டியதில்லை.

எந்த நாளில் ரத்தம் எடுப்பது என்பதில்தான் அதிகமான தவறு நடக்கிறது. எனந்தேட் போன்ற ஊசிகள் போட்ட ஓரிரு நாளில் அளவு உச்சிக்கு ஏறும். பிறகு சரிந்துகொண்டே வரும். இரண்டாம் நாளில் எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டிய எண் வரலாம்; பார்த்தவர் அளவைக் குறைத்துவிடுவார். அடுத்த ஊசிக்கு முதல் நாள் எடுத்தால் எண் தரைதட்டி நிற்கும், பார்த்தவர் ஏற்றிவிடுவார். இரண்டுமே அந்த உடம்பின் உண்மை நிலை அல்ல. எனந்தேட் போன்ற ஊசிக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுநாளிலும், 12 வார ஊசிக்கு அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்பும் எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் மருந்து படிகம் கட்டிக்கொள்ளும். அதற்காக அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியிலும் வைக்க முடியாது; 30 டிகிரிக்குக் கீழே என்பது உறையிலேயே இருக்கும். வேலூர் மே மாதத்தில் 40ஐத் தாண்டும் ஊர் என்பதால், வீட்டின் உள்ளறையில் தரையோரமாக ஒரு மண்பானைக்குப் பக்கத்தில் வைப்பது கைகண்ட வழி.

12 வார ஊசி 4 மில்லிலிட்டர் எண்ணெய். அதை இரண்டு நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் எண்ணெய்த் துளிகள் ரத்த ஓட்டத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் திடீர் இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் வரை கொண்டுவிடலாம். அதனால்தான் போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். தெருமுனைக் கிளினிக்கில் கூட்டம் இருக்கிறதென்று அந்த அரைமணியை விடக்கூடாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் 'ஸ்டீராய்டு' குப்பிகள் வேறு விவகாரம். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்பது விற்பவருக்கே தெரியாது. சீட்டோடு வாங்கிய மருந்துக்குத்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தும்.

பி.சி.வி. என்ற எண்

நெடுநாள் கவனிப்பில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் அது பி.சி.வி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது அதன் பொருள். சில தாள்களில் ஹெமடோகிரிட் என்றிருக்கும். பெண்களுக்கு 36 முதல் 46 வரை, ஆண்களுக்கு 40 முதல் 50 வரை என்று பாடநூல்கள் வைக்கின்றன. டெஸ்டோஸ்டிரான் இரண்டு வழியாக இதை ஏற்றுகிறது. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யத் தூண்டும் எரித்ரோபாயட்டினைக் கூட்டுகிறது. இரும்புச்சத்தைப் பூட்டிவைக்கும் ஹெப்சிடினைக் குறைத்து இரும்பை வெளியே விடுகிறது. மாதவிலக்கும் நின்றுவிடுவதால் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த ரத்தமும் மிச்சம்.

ஏறுவது குற்றமல்ல, ஏற வேண்டியதுதான். எல்லை தாண்டினால்தான் ரத்தம் கெட்டியாகி உறைகட்டி அடைப்புக்கு வழிவிடும். ஆம்ஸ்டர்டாமில் 1,073 திருநம்பிகளைப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் 11 சதவீதம் பேருக்கு 50ஐத் தாண்டியது. 54ஐத் தாண்டியவர்கள் நூற்றுக்கு அரைப் பேர். முதல் ஆண்டில்தான் பெரிய ஏற்றம், சராசரியாக 39இலிருந்து 45க்கு. ஆனால் அதோடு முடிவதில்லை. 20 ஆண்டு கணக்கில் பார்த்தால் 50ஐத் தாண்டும் வாய்ப்பு மூன்றில் ஒருவருக்கு மேல். 'ஐந்து வருஷமாக ஒன்றுமில்லை, இனி எதற்கு ரத்தம் கொடுப்பது' என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறுகிறது. புகைப்பழக்கம், உடல் பருமன், 40 வயதுக்கு மேல் தொடங்கியது, 12 வார ஊசி ஆகியவை ஏற்றத்தோடு சேர்ந்து வந்தன. பீடி சுற்றும் தொழில் ஊன்றிய பகுதி இது. பீடி மலிவு, பக்கத்திலேயே கிடைக்கிறது. பி.சி.வி. ஏறியவர் முதலில் விடவேண்டியது ஊசியை அல்ல, பீடியை.

இங்கே இரண்டு உள்ளூர்ச் சிக்கல்கள் உண்டு.

ஒன்று வெயில். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொன்னால் நம் ஆட்கள் தண்ணீரைக்கூடத் தொடாமல் வருவார்கள். தண்ணீர் குடிக்கலாம்; குடித்தால் சர்க்கரை மாறாது, கொழுப்பும் மாறாது. இரவு முழுக்க வியர்த்து, காலையில் நாக்கு வறண்டு, ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்று வந்தவரின் ரத்தத்தில் நீர் குறைந்திருக்கும். அணுக்களின் பங்கு கூடுதலாகத் தெரியும். கையில் ரப்பரை இறுக்கிக் கட்டி நரம்பு தேடிக்கொண்டே நின்றாலும் அப்படித்தான். மே மாதத்தில் 51 வந்தால், இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மற்றது ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. திருநம்பி பலரும் அதே உணவோடும் அதே மாதவிலக்கோடும் வளர்ந்தவர்கள்தான். இரும்பு வற்றிய உடம்பில் டெஸ்டோஸ்டிரான் தூண்டினாலும் சிவப்பணு ஓரளவுக்கு மேல் ஏறாது, பி.சி.வி. 42 என்று நல்லபிள்ளையாக நிற்கும். ஆள் மட்டும் சோர்ந்துகொண்டே இருப்பார். பிறகு எங்கோ இரும்பு மாத்திரை கொடுத்ததும் எண் விறுவிறுவென்று ஏறும். ஆகையால் ஊசி தொடங்கும் முன்பே ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்துவைப்பது நல்லது. ஹீமோகுளோபின் 12.5 என்று வந்தால், பெண் என்று பதிவான தாளில் அது இயல்பு. ஓராண்டாக டெஸ்டோஸ்டிரான் எடுப்பவருக்கு அது ரத்தசோகை, காரணம் தேட வேண்டும். அம்புக்குறி இல்லாத எண்ணும் சில நேரம் பொய் சொல்லும்.

50ஐத் தாண்டி நின்றால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஊசியின் நடுநாளில் டெஸ்டோஸ்டிரான் அளவு இலக்குக்கு மேலா என்று பார்ப்பது முதல் வேலை. இரண்டு வாரத்துக்கு 200 போடுபவர் வாரம் 100 என்று பிரித்துக்கொண்டால் மொத்த மருந்து அதேதான், உச்சி மட்டும் தணியும். ஜெல்லுக்கு மாறுவது இன்னொரு வழி. குறட்டை பெரிதாகி, பகலெல்லாம் தூக்கம் தள்ளினால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவே பி.சி.வி.யை ஏற்றும், டெஸ்டோஸ்டிரான் அதை மோசமாக்கவும் கூடும். 54ஐத் தொட்டால் மருத்துவர் ஊசியை நிறுத்தி வைத்து, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்குவார்.

டெஸ்டோஸ்டிரான் எடுக்கும் மற்ற ஆண்களுக்குச் சில மருத்துவர்கள் 'போய் ஒரு யூனிட் ரத்த தானம் செய்துவிட்டு வாருங்கள்' என்பார்கள். திருநம்பிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. 2017இல் வந்த ரத்த தானிகள் தேர்வு விதிமுறைகள் திருநர்களை நிரந்தரமாக விலக்கிவைத்தன. ரத்தம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அது மருத்துவமனையில் சிகிச்சையாகத்தான் நடக்க வேண்டும். அடிக்கடி எடுத்தால் இரும்பு வற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொழுப்பு, சர்க்கரை, இதயம்

டெஸ்டோஸ்டிரானில் எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு இறங்கும், ட்ரைகிளிசரைடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பும் ஓரளவு ஏறும். பி.பி. சிலருக்குச் சற்றுக் கூடும். எச்.டி.எல். 45 என்று வந்தால் பெண்ணின் கோலில் குறைவு, ஆணின் கோலில் சரி. இடுப்புச் சுற்றளவிலும் அதே கதை: நம்மவர்க்குப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. கொழுப்பு இடுப்பு, தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதால், எந்தக் கோலை எடுத்தாலும் 90ஐத் தாண்டியதை விட்டுவிட முடியாது.

டெஸ்டோஸ்டிரான் குறைந்த 45 முதல் 80 வயது ஆண்கள் 5,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனை 2023இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. அவர்கள் திருநம்பிகள் அல்ல, வயதும் கூடுதல். இருந்தாலும் 50 வயதைத் தொடும் திருநம்பி கவனிக்க வேண்டிய பக்கம் எது என்று அது காட்டுகிறது.

சர்க்கரை நோயைப் பற்றி ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. குடும்பத்தில் சுகர் இருந்தால் ஆண்டுக்கொரு முறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்ப்பது போதும். இன்சுலின் போடுபவருக்கு டெஸ்டோஸ்டிரான் தொடங்கியதும் தேவை குறையலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரம் மாறும். இந்த இரண்டு பேரும் தொடங்கிய வாரங்களிலேயே மறுபரிசோதனைக்கு வர வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தசை கூடக்கூட ஏறும். பெண் என்று பதிந்த கணக்கில் சிறுநீரகம் பழுது என்று காட்டக்கூடும்.

கல்லீரலைப் பற்றிய பயம் பெரும்பாலும் பழைய மீதைல்டெஸ்டோஸ்டிரான் மாத்திரையிலிருந்து வந்தது. ஊசிக்கும் ஜெல்லுக்கும் அது பொருந்தாது.

கருப்பை, சினைப்பை, மார்பு

மாதவிலக்கு பொதுவாக ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிற்கும். நின்றால் கரு தரிக்காது என்று நம்புவது பெரிய தவறு. டெஸ்டோஸ்டிரான் கருத்தடை மருந்து அல்ல. மாதவிலக்கு நின்ற காலத்திலேயே கருவுற்றவர்கள் உண்டு. கருவில் இருப்பது பெண் சிசு என்றால் அதன் உறுப்புகளை இந்த மருந்து பாதிக்கும். கரு தரிக்கும் வாய்ப்புள்ள உறவில் இருப்பவருக்குத் தனியாகக் கருத்தடை வேண்டும். குழந்தை வேண்டும் என்ற நினைப்பு ஓரத்தில் இருந்தாலும் சினைமுட்டை சேமிப்பைப் பற்றி ஊசிக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. ஊசியை நிறுத்தி, மாதவிலக்கு திரும்பி, பெற்றவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதை உறுதியாக எண்ண முடியாது.

ஓராண்டு நின்றிருந்த ரத்தப்போக்கு திரும்பினால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஊசி தள்ளிப்போனதுதான் அடிக்கடி காணும் காரணம். ஊசி சரியாகப் போட்டும் ரத்தம் பட்டால் கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்.

'அஞ்சு வருஷத்துக்குள்ள கருப்பையை எடுத்துடணும், இல்லன்னா கேன்சர் வரும்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2022இல் வந்த எட்டாவது பன்னாட்டுத் தர வழிகாட்டுதல், சராசரி ஆபத்து உள்ளவர்களுக்குப் புற்றுநோயைத் தடுப்பதற்காக மட்டும் கருப்பையையோ சினைப்பையையோ எடுக்க வேண்டாம் என்கிறது. வேறு காரணத்துக்காகச் சினைப்பைகளை எடுத்தவருக்கு ஒரு புதுக் கட்டுப்பாடு வருகிறது. உடம்பில் சொந்த ஹார்மோன் ஊற்று இனி இல்லை. காசில்லை, மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை என்று மாதக்கணக்கில் ஊசியை விட்டால் எலும்பு கரையத் தொடங்கும். ஊசி ஒழுங்காக இருக்கும்வரை எலும்பின் அடர்த்தி நன்றாகவே நிற்கிறது.

பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறளும். எரிச்சல், அடிவயிற்று வலி, உறவில் வலி வரும். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இதற்கு உண்டு, குரலையும் மீசையையும் அது திருப்பிவிடாது. கருப்பை வாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு. மெலிந்த சுவரிலிருந்து எடுத்த பாப் ஸ்மியர் மற்றவர்களைவிட அதிகமாக 'போதாது' என்று திரும்பி வருகிறது. அனுப்பும் சீட்டில் டெஸ்டோஸ்டிரான் எடுப்பதைக் குறிப்பிடாவிட்டால், மெலிந்த அணுக்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுவிடுவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு, தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் பரிசோதனை கிடைத்தால் வெட்கமும் வலியும் குறையும். மார்பு அறுவை செய்தாலும் சிறிதளவு திசு மிஞ்சும். 1,229 டச்சுத் திருநம்பிகளில் 4 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. பெண்களைவிட மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல.

பரு முதல் ஆண்டில் உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். வழுக்கை அப்பா, தாய்மாமன் தலையைப் பார்த்தே ஊகிக்கலாம். குரல், தாடி, வழுக்கை மூன்றும் ஊசியை நிறுத்தினாலும் திரும்பாது. தசையும் கொழுப்பின் இடமும் திரும்பும்.

மனநலத்தைப் பற்றியும் அளவெடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 64 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டெஸ்டோஸ்டிரான், மறுபாதி மூன்று மாதம் காத்திருப்பு என்று நடத்திய சோதனை 2023இல் வந்தது. உடனே பெற்றவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தெளிவாகக் குறைந்தன. ஆபத்துக் கணக்கு போடும் தாளில் இந்த எண் ஏறாமல் போனால் கூட்டல் தப்பாகிவிடும்.

கூடத்தில் ரத்தம் கொடுக்கும்போது சீட்டின் மேல் நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள்: டெஸ்டோஸ்டிரான் சிகிச்சையில் இருப்பவர், மருந்தின் பெயரும் மில்லிகிராமும், தொடங்கிய ஆண்டு, கடைசி ஊசி போட்டு இன்று எத்தனையாவது நாள். பி.சி.வி., ஹீமோகுளோபின், கிரியாட்டினின் மூன்றையும் ஆணின் அளவோடு ஒப்பிட வேண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் பதிவில் 'ஆண்' என்று இருந்தால் கணினி அந்தச் சோதனையையே ஏற்காமல் போகலாம்; அன்றைக்கு மட்டும் கவுண்ட்டரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.